கண்டன்சர் மைக் மாட்டினதுல இருந்து ஆடியோ உடையுது, அவசரம்

மொட்டைமாடி_வயர் | இரவு 9:12
வணக்கம். புதுசா கண்டன்சர் மைக் வாங்கி ரிக்ல (ஹாம் ரேடியோ செட்) குடுத்திருக்கேன். எதிர்ல கேக்குறவங்க எல்லாரும் "வாய்ல தண்ணிய வச்சுக்கிட்டுப் பேசுறியா?"ங்கிறாங்க. ரிக்கோட வந்த கை மைக்ல ஒரு குறையும் இல்ல. மைக் கெயின் ஏத்தி இறக்கிப் பாத்தாச்சு. காலைல 7 மெகாஹெர்ட்ஸ்ல நெட் (ஹாம்கள் ரேடியோவுல கூடிப் பேசுறது) இருக்கு. ப்ளீஸ்.

சால்டர்_புகை | 9:20
கண்டன்சர் மைக்குக்கு பயாஸ் (அது வேலை செய்ய ஒரு சின்ன டிசி வோல்டேஜ்) வேணும் தம்பி. 8 வோல்ட் பின்ல இருந்து 4.7 கே ரெசிஸ்டர் வழியா மைக் பிளஸ்ல குடுங்க. அப்படியும் சரியா வரலன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக்குக் கிடைக்கும், வேற ஒண்ணு போட்டுக்கலாம்.

மொட்டைமாடி_வயர் | 9:23
அண்ணே, அந்த பட்டன் சைஸ் மைக் இல்ல. பாட்டு ரெக்கார்டிங்ல வைப்பாங்களே, ஸ்டூடியோ மைக். விலை வீட்டுக்கு இன்னும் தெரியாது.

பழைய_வால்வு | 9:31
ரிக் என்ன? மைக் மாடல் என்ன? நடுவுல என்ன இருக்கு? எத்தனை வாட்? ஆன்டெனா? ஒண்ணையும் சொல்லாம "அவசரம்"னு மட்டும் தலைப்புல போட்டா ஆச்சா? லைசென்ஸ் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்க கேள்வி இப்படித்தான் இருக்கும்.

சிற்றலை_ரசிகன் | 9:34
ஸ்டூடியோ மைக்னா 48 வோல்ட் ஃபேன்டம் (மைக் கேபிள் வழியாவே மைக்குக்குப் போற சப்ளை). அது ரிக் உள்ள போயிருந்தா மைக் ஆம்ப் அவ்வளவுதான். உடனே கழட்டுங்க!!

ஈயப்பற்று | 9:40
ரசிகன் சார், பயமுறுத்தாதீங்க. ஃபேன்டம் அதைக் குடுக்கிற ஆடியோ மிக்சரோட எக்ஸ்எல்ஆர் (மைக் சாக்கெட்) இன்புட்ல 2, 3 பின்னுல மட்டும்தான் நிக்கும், அவுட்புட் பக்கம் வராது. மைக் ஆம்ப் போயிருந்தா கை மைக்கும் வேலை செஞ்சிருக்காதே. மொட்டைமாடி, வால்வு சார் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

மொட்டைமாடி_வயர் | 9:52
ஸாரி. ரிக் ஐகாம் 718. மைக் ஏடி2020. ஒரு சின்ன மிக்சர், 48 வோல்ட் அதுல இருந்துதான். மிக்சர் மெயின் அவுட்ல இருந்து ரிக்கோட 8 பின்னுக்கு நானே கேபிள் போட்டேன்: பின் 1 மைக், பின் 7 கிரவுண்டு. பிடிடி (பேசுறப்ப அழுத்துறது) கால் சுவிட்ச். வியூ3 (ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ்)தான், அதனால 50 வாட். ஆன்டெனா 20 மீட்டர் நீள எண்ட் ஃபெட் (ஒரு நுனில மட்டும் கேபிள் சேர்ற வயர்), ரேடியோ ரூமுக்கு நேர் மேல மொட்டைமாடில. 10 வாட்ல நல்லா இருக்குன்னாங்க, அது முக்கியமான்னு தெரியல.

பழைய_வால்வு | 9:55
"முக்கியமான்னு தெரியல"!! மொத்த விடையும் அந்த ஒரு வரில இருக்கு, அதைக் கடைசில வச்சிருக்கீங்க. ஆர்எஃப் (நீங்க அனுப்புற ரேடியோ அலையே) மைக் லைனுக்கு உள்ள வருது. ஆன்டெனாவுக்குப் பதிலா டம்மி லோடு (பவரை வாங்கிக்கிற ரெசிஸ்டர்) போட்டுப் பேசுங்க. அங்க சுத்தமா இருந்தா சந்தேகமே வேண்டாம்.

ஈயப்பற்று | 10:10
அதேதான். எண்ட் ஃபெட்ல கவுண்டர்பாய்ஸ் (ஆன்டெனாவுக்கு மறுபாதியா விடற வயர்) இல்லன்னா கோஆக்ஸோட (ஆன்டெனா கேபிள்) மேல்தோலே அந்த வேலையச் செய்யும். கரண்ட் அது வழியா ரூமுக்குள்ள இறங்கி, மிக்சர் அடாப்டர் வயர், எக்ஸ்எல்ஆர் கேபிள்னு கிடைச்சதுல எல்லாம் ஏறும். கை மைக்ல இவ்வளவு வயர் தொங்கல, தப்பிச்சது.

உங்க கேபிள்லயும் ரெண்டு கோளாறு. மிக்சர் அவுட் கிட்டத்தட்ட ஒரு வோல்ட், ரிக் கேக்குறது சில மில்லிவோல்ட். 10 கே தொடர்ல, 100 ஓம் கிரவுண்டுக்கு, நூத்துல ஒரு பங்கா குறைஞ்சிடும். அடுத்து, ஐகாம்ல பின் 1லயே கை மைக்குக்கான டிசி வெளிய வரும். மிக்சர் அவுட்டை நேரா அதுல கட்டக்கூடாது. 1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் நடுவுல போடுங்க (இது மைக் இல்ல, கெப்பாசிட்டர்!). ரிக் இன்புட் 600 ஓம்ங்கிறதால 230 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற அடித்தொண்டையும் அதுலயே வெட்டுப்படும். எஸ்எஸ்பிக்கு (குறைஞ்ச அகலத்துல பேச்சை அனுப்புற முறை) அது லாபம்தான்.

சால்டர்_புகை | 10:18
கோஆக்ஸ் மேல வர்ற கரண்டைத் தடுக்க, பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) மஞ்சள் வளையம் இருக்கும், அதுல கோஆக்ஸை நாலு சுத்து சுத்துங்க. காசே இல்ல.

ஈயப்பற்று | 10:21
அண்ணே, அந்த மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத்தூள். இதுக்கு உதவாது. 31 இல்லன்னா 43 நம்பர் ரக ஃபெரைட் வேணும். கேபிள்ல கிளிப் பண்ற மணி ஒண்ணே ஒண்ணு போட்டா 7 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்தாது. சுத்து அஞ்சு ஆனா தடை ஏறக்குறைய இருபத்தஞ்சு மடங்கு.

சிற்றலை_ரசிகன் | 10:30
நான் கேக்குறது, எதுக்கு இந்த மைக்? எஸ்எஸ்பில போறது 300ல இருந்து 2700 ஹெர்ட்ஸ். 20,000 வரைக்கும் புடிக்கிற மைக்கை வாங்கி மீதிய யாருக்கு அனுப்பப் போறீங்க? அடுப்படி குக்கர் விசில்தான் போகும்.

காதுக்கினிய | 10:37
சார், மைக் நல்லா இருந்தா அந்த 2400 ஹெர்ட்ஸுக்குள்ளயே வித்தியாசம் தெரியும். 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கி, பேஸைக் குறைச்சுப் பாருங்க. சிலர் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயும் அகலப்படுத்தறாங்க, கேக்கவே சுகமா இருக்கும்.

பழைய_வால்வு | 10:41
உங்களுக்குச் சுகம், பக்கத்து ஃபிரீக்வன்சில இருக்கிறவனுக்குத் தலைவலி. நமக்கு இருக்கறதே 7.0ல இருந்து 7.2 வரைக்கும்.

சால்டர்_புகை | 10:44
என் பிட்எக்ஸ்ல (கையால கட்டுற ரிக்) அந்த பட்டன் மைக்தான், இத்தனை வருஷமா. நேத்துகூட 59 (சிக்னலுக்கு ஃபுல் மார்க்) குடுத்தாங்க.

காதுக்கினிய | 10:46
59 எல்லாருக்கும்தான் குடுப்பாங்க.

சால்டர்_புகை | 10:47
அப்ப நீங்க வாங்கினதும் அதே 59தானே.

மொட்டைமாடி_வயர் | மறுநாள் காலை 8:05
ஃபெரைட் வளையம் நண்பர்கிட்ட ஒண்ணு கிடைச்சுது. கோஆக்ஸ் 11 சுத்து, 2 மீட்டர் கவுண்டர்பாய்ஸ். 50 வாட்லயும் சுத்தம். மிக்சர் வால்யூம் அடிமட்டத்துல வச்சு ஓட்டுறேன், ரெசிஸ்டர் இன்னும் போடல. ஃபேன் சத்தம் போகுதாம், அதை நிறுத்திட்டு வேர்வையோட பேசினேன். எல்லாருக்கும் நன்றி.

ஈயப்பற்று | 8:20
அந்தக் கண்டன்சரை மட்டும் இன்னைக்கே போட்டுருங்க.

நுனிமீசை | 11:48
எனக்கும் இதே 718, இதே கேபிள். கைல 1 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக்தான் இருக்கு. பிளஸ் எந்தப் பக்கம்?

பழைய_வால்வு | 12:02
ரிக் பக்கம். மேலே படிச்சிட்டுக் கேட்டீங்களா, படிக்காமலா?