பேப்பர்லெஸ்ஸில் ஏறுகிற ஆவணத்துக்கு டிஸ்கோர்ஸில் தானாக இழை திறக்கேலுமா?

கேள்வி (இணுவில்)
சனசமூக நிலையத்தின்ர கூட்டறிக்கை, கணக்கறிக்கை எல்லாம் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸில் (ஆவணங்களைச் சேமித்துத் தேடுற மென்பொருள்) கிடக்கு. அது டொக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டுற முறை) ஓடுது. இங்கையும் கனடாவிலையும் இருக்கிற அங்கத்தவர் கதைக்கிறது டிஸ்கோர்ஸ் என்ற இணையக் கருத்துக்களத்தில். பிடிஎஃப்பைக் கையால் இணைக்கிறதால திருத்தினதும் பழசுமாய் ரெண்டு பிரதி உலாவுது. தானாக இணைக்க என்ன வழி?

பதில் (கொக்குவில்)
கோப்பை அனுப்பாதேங்கோ, இணைப்பை மட்டும் அனுப்புங்கோ. 2.14 பதிப்பிலிருந்து பேப்பர்லெஸ்ஸின் வேர்க்ஃப்ளோவுக்குள்ள (தானாக நடக்கிற வேலைகளை வகுக்கிற இடம்) வெப்ஹுக் இருக்கு, அதாவது ஒன்று நடந்தவுடன் வேறொரு தளத்துக்குத் தானாகச் செய்தி அனுப்புற வசதி. தூண்டுதல் 'ஆவணம் சேர்ந்தபின்' என்று இருக்கவேணும். உள்வாங்கத் தொடங்கும்போது என்று வைத்தால் ஆவணத்துக்கு அப்ப இலக்கமே இல்லை, முகவரி வராது. டிஸ்கோர்ஸ் ஏபிஐ சாவியையும் (வேறு மென்பொருள் உள்ளே வர விடுற கடவுச்சொல் மாதிரி), இதுக்கெண்டே திறந்த பயனர் பெயரையும் வெப்ஹுக் செய்தியின் ஹெடரில் (தலைப்பகுதி) வையுங்கோ. தலைப்பு, உரை, பிரிவு இலக்கம் ஜேசன் என்ற தரவு வடிவில் போகட்டும். இழை எழுதுற உரிமை மட்டும் உள்ள சாவி போதும்.

இழை திறக்காமல் 422 பிழை வந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கோ. டிஸ்கோர்ஸ் இயல்பாக 15 எழுத்துக்குக் குறைந்த தலைப்பை ஏற்காது, ஒரே தலைப்பை இரண்டாம் முறையும் ஏற்காது. 'கணக்கு 2024' நீளம் போதாமல் நிராகரிக்கப்படும். 'மாதக் கூட்டறிக்கை' அடுத்த மாதம் அதே தலைப்பெண்டு நிராகரிக்கப்படும். தலைப்போடு திகதியையும் சேர்த்துவிடுங்கோ. பேப்பர்லெஸ்ஸின் பொது முகவரியை அமைப்புக் கோப்பில் எழுத மறக்கவேண்டாம், இல்லாட்டி இணைப்புத் திறக்காது.

பதில் (நல்லூர்)
அந்த இணைப்பு உள்நுழைவு கேட்கும். அதே வேர்க்ஃப்ளோவில் அங்கத்தவர் குழுவுக்குப் பார்வை உரிமை கொடுங்கோ. காலாவதி வைத்த பகிர்வு இணைப்பு வெளியாருக்கு மட்டும்.

பழைய கணக்கறிக்கை பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) தட்டினதெண்டால் கவனம். வேர்டிலிருந்து எடுத்த பிடிஎஃப்பில் 'க்' என்பது உள்ளே ஆங்கில எஃப்பும் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கும். எழுத்து ஏற்கனவே இருக்கு என்று ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை வாசிக்கிற வசதி) அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடும், 'அறிக்கை' என்று தேடினால் அகப்படாது. ஓசிஆர் முறையை 'ஃபோர்ஸ்' (எழுத்து இருந்தாலும் திரும்ப வாசிக்கிறது) என்று மாற்றி, அந்த ஆவணங்களை மட்டும் தெரிவுசெய்து மீள்செயலாக்குங்கோ. பிறகு பழையபடி 'ஸ்கிப்' (எழுத்துள்ள பக்கத்தைத் தாண்டுறது) என்று வையுங்கோ. 'ரீடூ' இதுக்கு உதவாது, அது கண்ணுக்குத் தெரியிற எழுத்தை அப்படியே விட்டிடும்.

கேள்வி (இணுவில்)
ஃபோர்ஸ் போட்டால் மூலக் கோப்பு மாறுமோ?

பதில் (நல்லூர்)
மாறாது. மூலத்தோடு பேப்பர்லெஸ் தனியாக வைக்கிற காப்பகப் பிரதிதான் புதிசாய் வரும், ஆனா பக்கம் படமாகிறதால பருமன் கூடும். அதுக்கு முதல் டொக்கரில் தமிழ் மொழிப்பொதி இருக்கோ என்று பாருங்கோ. ஓசிஆர் மொழிக்கு ஒரே மாதிரிப் பெயரில் ரெண்டு அமைப்பு இருக்கு: முடிவில் 'எஸ்' உள்ளது பொதியை நிறுவும், இல்லாதது எந்த மொழியில் வாசிக்கிறதெண்டு சொல்லும். ரெண்டிலையும் தமிழ் வேணும், இரண்டாவதில் ஆங்கிலமும் சேர்த்து.