தகரக் கூரை வீட்டில் மீனும் செடியும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி 32 டிகிரியைத் தாண்டுகிறது, சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) இல்லாமல் இறக்க முடியுமா?

பாசிப்பச்சை (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம் அண்ணன்மார்களே. 2 அடித் தொட்டி, 60×30×36 செ.மீ. மண்ணும் கல்லும் போக 55 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. தகரக் கூரை, பலகை சீலிங். தொட்டி மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. காலை 6 மணிக்கு 29.5 டிகிரி, மாலை 5 மணிக்கு 32.5. விளக்கு 30 வாட் எல்.இ.டி., காலை 10 முதல் இரவு 8 வரை எரியும். மேலே கண்ணாடி மூடி. ஃபில்டர் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் 15 வாட் வகை. செடிக்கு விடும் சி.ஓ.2 (கரியமில வாயு) விநாடிக்கு 2 குமிழ், இரவிலும் நிறுத்துவதில்லை.

கிறிஸ்மஸ் மாஸ் (பாசி வகை) பழுப்பாகிறது, ஹேர்கிராஸ் (புல் போன்ற செடி) படரவே இல்லை, வெண்ட்டி (கிறிப்டோகோரைன் இனச் செடி) இலைகள் கரைகின்றன. விடியற்காலையில் நியான் டெட்ராக்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. செர்ரி இறால் முட்டையை உதிர்த்துவிடுகிறது. ஐஸ் பாட்டில் போட்டால் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறிவிடுகிறது. சில்லர்தான் ஒரே வழியா?

செம்பனை நிழல்:
தம்பி, இன்று இரவே சி.ஓ.2-வை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் 7.3 மி.கி.தான். சூடு ஏறினால் மீனுக்குத் தேவையோ கூடும். இருட்டில் செடியும் ஆக்சிஜனை இழுக்கும், அதன் மேல் சி.ஓ.2-வும் விடாமல் சேர்ந்தால் விடியலில் மீன் மேலே வராமல் என்ன செய்யும்? சோலினாய்டு வால்வை (மின்சாரத்தில் வாயுவைத் திறந்து மூடும் வால்வு) டைமரில் மாட்டுங்கள். விளக்குக்கு 1 மணி நேரம் முன் திறந்து, விளக்கு அணைய அரை மணி நேரம் இருக்கும்போது மூட வேண்டும். இரவில் சின்ன ஏர் பம்ப் ஓடட்டும்.

ஐஸ் பாட்டில் ஏன் நிற்பதில்லை என்பது எளிய கணக்கு. அரை லிட்டர் ஐஸ் உருகி, தொட்டியின் சூட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய 230 கிலோஜூல் இழுக்கும். உங்கள் 55 லிட்டரை 1 டிகிரி இறக்கவும் அதே 230 கிலோஜூல்தான். ஆக ஒரு பாட்டிலுக்கு 1 டிகிரி, அதற்கு மேல் இல்லை. சுவரும் கூரையும் அதைத் திருப்பி ஏற்றிவிடும். இப்படி ஏறி இறங்குவது நிலையான 30 டிகிரியை விட வெண்ட்டிக்குக் கெடுதல்; அந்த இனத்துச் செடிகள் திடீர் மாற்றத்துக்குத்தான் இலையைக் கரைக்கும். வேரை மட்டும் பிடுங்காதீர்கள், திரும்பத் தழைக்கும்.

ஓடைமீன்:
குளிரவைப்பதைப் பேசும் முன் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூழ்கி ஓடும் ஃபில்டர் இழுக்கும் 15 வாட்டும் கடைசியில் தண்ணீரில் சூடாகவே சேரும். வெளியே வைக்கும் கேனிஸ்டர் அல்லது தொங்கும் ஃபில்டர், 5 வாட் அளவில், இந்தத் தொட்டிக்குப் போதும். விளக்கு 10 மணி நேரம் அதிகம். 7 மணி நேரமாகக் குறைத்து மாலை 5 முதல் இரவு 12 வரை வையுங்கள். உச்சி வெயிலில் கூரை காயும்போது விளக்குச் சூடும் சேர வேண்டாம். செடிக்கு எந்த 7 மணி நேரம் என்பது பொருட்டில்லை. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை போட்ட சட்டம் வையுங்கள், மீன் துள்ளி விழாது.

தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். மாலையில் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தாலே தெரியும். உள்சுவர் ஓரம், சிமெண்ட் தரைக்குப் பக்கமாக, உயரம் குறைந்த ஸ்டாண்டில் வைக்கலாம். தண்ணீரை முக்கால்வாசி இறக்காமல் நகர்த்தாதீர்கள், கண்ணாடி ஒட்டு பிரிந்துவிடும்.

ஈரக்காற்று:
இதற்கெல்லாம் பிறகுதான் ஃபேன். ஃபேன் தண்ணீரைக் குளிரவைப்பதில்லை, ஆவியாக்குகிறது. ஆவியாகும் தண்ணீர் சூட்டைக் கொண்டுபோகிறது. ஒரு நாளில் 1 லிட்டர் ஆவியானால் இடைவிடாமல் 28 வாட் சூட்டை வெளியேற்றிய கணக்கு. உங்கள் பழைய ஃபில்டரை அப்படியே வைத்திருந்தால் ஆவியாகும் முதல் அரை லிட்டர் அதற்கே போய்விடும். ஓடைமீன் சொன்னதை முதலில் செய்யச் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு இறங்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். தெர்மாமீட்டர் முனையில் ஈரத் துணியைச் சுற்றி, பிற்பகல் 3 மணிக்குத் தொட்டி இருக்கும் இடத்தில் மேசை ஃபேன் காற்றில் 10 நிமிடம் காட்டுங்கள். அது காட்டும் அளவுக்குக் கீழே எந்த ஃபேனும் தண்ணீரைக் கொண்டுபோகாது. 34 டிகிரி வெயில், 55 விழுக்காடு ஈரப்பதம் என்றால் அந்த எல்லை 26.5 பக்கம் இருக்கும். நடைமுறையில் அதற்கு மேல் ஒன்றரை டிகிரியில் நின்றுவிடும். அதனால் 28-ஐ இலக்காக வையுங்கள், 25-ஐ மறந்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். முக்கி அளக்கும் வகையை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்து 0 காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

பொருள்: 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் 2, 12 வோல்ட், ஒவ்வொன்றும் 0.2 ஆம்ப் அளவு, பால் பேரிங் வகை. மலிவான ஸ்லீவ் பேரிங் இந்த ஈரத்தில் சீக்கிரம் முனகத் தொடங்கும். 12 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர். டபிள்யூ1209 என்ற சின்ன வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை. 230 வோல்ட் தொட்டிப் பக்கமே வராது என்பதால் இதைச் சொல்கிறேன்.

அடாப்டரின் பிளஸ் பலகையின் +12V-க்கு, மைனஸ் GND-க்கு. +12V-லிருந்து ஒரு துண்டு வயர் K0-க்கு. K1-லிருந்து ஃபேன்களின் சிவப்பு வயர், கறுப்பு GND-க்கு. SET பட்டனை அழுத்திப் பிடித்தால் P0 வரும், அதில் C என்று மாற்றுங்கள். H-இல் விட்டால் ஃபேன் தலைகீழாக, தண்ணீர் குளிர்ந்த பிறகு ஓடும். P1 (ஃபேன் நிற்பதற்கும் மறுபடி ஓடுவதற்கும் இடையிலான டிகிரி) வாங்கி வந்த நிலையில் 2.0 இருக்கும், 0.5 ஆக்குங்கள். பிறகு SET-ஐ ஒரு தடவை தட்டி 28.0 வையுங்கள். அடாப்டர் வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், சொட்டும் தண்ணீர் அந்த வளைவிலேயே விழும். வீட்டு இ.எல்.சி.பி.-யின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பட்டனையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

ஃபேனை நேர் கீழே பார்க்க வைக்காதீர்கள். ஒரு ஓரத்தில், தண்ணீருக்கு 5 செ.மீ. மேலே, 30 டிகிரி சாய்வில், மேற்பரப்பைத் தடவிக்கொண்டு எதிர் ஓரத்தில் காற்று வெளியேற வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த அறையில் துணி காயப்போட வேண்டாம். அடைத்த அறையில் ஈரம் தேங்கினால் ஃபேன் வெறுமனே சுற்றும்.

பாசிப்பச்சை:
மிக்க நன்றி அண்ணே. தொட்டியை நகர்த்தி, விளக்கு நேரம் மாற்றி, 2 ஃபேனும் மாட்டிவிட்டேன். மாலை 5 மணிக்கு இப்போது 28.6. டெட்ராக்கள் கீழே இறங்கிவிட்டன. ஆனால் தண்ணீர் நாளுக்கு முக்கால் செ.மீ. குறைகிறது. சி.ஓ.2 அளவை நிறத்தில் காட்டும் கண்ணாடிக் குமிழில் பச்சை நிறம் வருவதில்லை, நீலமாகவே நிற்கிறது. மழைத் தண்ணீர் ஊற்றலாமா?

செம்பனை நிழல்:
முக்கால் செ.மீ. என்றால் உங்கள் தொட்டியில் 1.35 லிட்டர், சரியான அளவுதான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கும். பைப் தண்ணீரையே ஊற்றி நிரப்பினால் ஒரு மாதத்தில் 40 லிட்டரின் உப்பு கூடுதலாகச் சேரும். வாரம் 30 விழுக்காடு மாற்றுகிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. மாற்றாதவருக்கு இறால் தோலுரிக்க முடியாமல் சாகும்.

மழைத் தண்ணீர் நல்லதுதான், ஆனால் தகரக் கூரையில் வழிந்ததை இறால் தொட்டிக்கு ஊற்றாதீர்கள், துத்தநாகம் கலந்திருக்கும். திறந்த வெளியில் விரித்த பிளாஸ்டிக்கில் பிடியுங்கள், முதல் கால் மணி நேர மழையை விட்டுவிடுங்கள், பக்கத்துத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கும் நாட்களில் பிடிக்கவே வேண்டாம். வாளியை இறுக மூடி வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் உங்கள் வீட்டுக்கும் ஆபத்து, சுகாதார அதிகாரி வந்தால் அபராதமும் உண்டு.

தண்ணீர் மாற்றுவது விடியற்காலையில் இருக்கட்டும். பிற்பகலில் கூரைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மீன் தொட்டியை விடச் சூடு. சமையலறைக் குழாய் பெரும்பாலும் நேர் பைப்பிலிருந்து வருவதால் குளிர்ச்சியாக இருக்கும், குளோரின் நீக்கும் மருந்தை மறக்காமல் போடுங்கள்.

ஈரக்காற்று:
நீலத்துக்குக் காரணம் ஃபேன் கிளப்பும் அலை, அது சி.ஓ.2-வைத் தண்ணீரிலிருந்து வெளியேற்றிவிடும். முதலில் சாய்வைக் குறைத்து மேற்பரப்பு சிலிர்க்காமல் பாருங்கள். அப்படியும் நீலம் என்றால் விநாடிக்கு அரைக் குமிழ் கூட்டி, 2 மணி நேரம் பொறுத்து நிறம் பாருங்கள். நிறம் காட்டும் அந்தக் கண்ணாடிக் குமிழ் தாமதமாகத்தான் மாறும். மீன் வேகமாக மூச்சுவிட்டால் உடனே குறையுங்கள்.

ஓடைமீன்:
நியானுக்கு 28-உம் கொஞ்சம் அதிகம்தான். அடுத்த தடவை கார்டினல் டெட்ரா வாங்குங்கள், இந்தச் சூட்டைத் தாங்கும். மாஸ் தழைக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்; ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வாலிஸ்னேரியா எல்லாம் 28-இல் நன்றாக வரும். நம் நாட்டுச் செடி என்றால் சூடு தாங்கும் என்று நினைத்து கிறிப்டோகோரைன் அஃபினிஸ் வாங்குகிறார்கள். அது தீபகற்ப மலேசியாவுக்கே உரியது, ஆனால் காட்டு நிழலில் ஓடும் நீரில் வளர்வது. சூடோ வெளிச்சமோ சட்டென்று மாறினால் கரைந்துவிடும்.

கிறிஸ்டல் இறால் போல 22 முதல் 24 டிகிரி கேட்பவை வளர்க்க ஆசைப்பட்டால் மட்டும் சில்லருக்குப் போங்கள். 55 லிட்டருக்கு 1/10 குதிரைத்திறன் தாராளம், கேனிஸ்டர் ஃபில்டரின் வெளியேறும் குழாயில் மாட்ட வேண்டும். அதன் வெக்கைக் காற்று ஜன்னல் வழியாக வெளியே போகும்படி வையுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள கேபினட்டில் பூட்டினால் தான் விட்ட சூட்டையே மறுபடி இழுத்து நிற்காமல் ஓடும்.