அம்மாட 82.90ஐத் தொடமுதல்

நான்: அண்ணா, இங்கிலாந்தில வருமானம் குறைஞ்சவைக்குத் தாற யூனிவர்சல் கிரெடிட்டில, ஆளைப் பராமரிக்கிறதுக்கான கெயரர் எலிமென்ட் கேட்டா 2025-26க்கு மாசம் 201.68 பவுண் வருமாம். கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல அம்மாவைப் பாக்கிறது நான்தானே. இண்டைக்கே அவையின்ர ஒன்லைன் ஜேர்னலில எழுதிப் போடட்டோ?

அண்ணா: பொறு, இண்டைக்குப் போடாத. அம்மாட பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச பென்ஷன்காரருக்கு நிரப்பித் தாற காசு) கடிதத்தை எடு. கணக்குப் போட்டிருக்கிற பக்கத்தில 82.90 எண்டு ஒரு வரி இருக்கோ பார்.

நான்: [படம்]
ஓம், இருக்கு. மேல 227.10, அதுக்குக் கீழ 82.90, மொத்தம் 310.

அண்ணா: அந்த வரிதான் கடும் இயலாமைக்குக் குடுக்கிற மேலதிகக் காசு. அவ அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படுற வயசானவைக்குத் தாற காசு) எடுக்கிறா, தனிய இருக்கிறா, அவவைப் பாக்கிறதெண்டு ஒருத்தரும் காசு வாங்கேல்ல. மூண்டும் சேர்ந்தாத்தான் அது வரும். நீ எலிமென்ட் எடுத்த உடன மூண்டாவது போயிடும்.

நான்: எனக்கு 201 வர அவவுக்கு 82 தானே போகுது?

அண்ணா: உன்ர மாசக் கணக்கு, அவவின்ர கிழமைக் கணக்கு. கனபேர் சறுக்கிறது இதிலதான். அம்மாட ஸ்டேட் பென்ஷன் கிழமைக்கு 240. இப்ப 310 வரைக்கும் நிரப்புறபடியா 70 கிடைக்குது. மேலதிகம் போனா வரம்பு 227.10க்கு இறங்கும். அவவின்ர 240 அதுக்கு மேல. அப்ப அந்த 70 முழுக்க நிக்கும். வருஷத்துக்குப் போறது 3,640, உனக்கு வாறது 2,420. இங்க சொல்லுற இலக்கங்கள் எல்லாம் 2025-26 கணக்கு, ஒவ்வொரு ஏப்ரலிலயும் மாறும்.

மச்சாள்: அதோட நிக்காது அத்தான். பென்ஷன் கிரெடிட் வாறபடியாத்தான் மாமிக்கு வீட்டு வாடகைக்கான ஹவுசிங் பெனிபிட் குறையாமல் வருது, பல் வைத்தியத்துக்கும் காசு கட்டத் தேவையில்லை. 75 தாண்டினவைக்கு டிவி லைசன்ஸ் 174.50ம் இலவசம். பென்ஷன் கிரெடிட் நிண்டா ஹவுசிங் பெனிபிட்டையும் கவுன்சில் டாக்ஸையும் திரும்பக் கணக்குப் பாப்பினம்.

நான்: அப்ப எலிமென்டை விட்டுட்டு, பராமரிக்கிறவைக்குத் தனியத் தாற கெயரர்ஸ் அலவன்ஸுக்குப் போட்டா?

அண்ணா: அதுவும் அம்மாட வரியைத்தான் வெட்டும். உனக்கும் கூடுதலாக் காசு வராது. கிழமைக்கு 83.30 எண்டா மாசத்துக்கு 360.97. அவ்வளவையும் யூனிவர்சல் கிரெடிட்டில கழிப்பினம். ஒரு பொக்கற்றில இருந்து மற்றப் பொக்கற்றுக்கு மாத்திற மாதிரி.

பெரியக்கா: தம்பி, என்ர விஷயம் என்ன? நான் ஸ்டேட் பென்ஷனும் பென்ஷன் கிரெடிட்டும் எடுக்கிறன்.

அண்ணா: அக்கா, உங்களுக்கு வேற வழி இருக்கு. 35 மணித்தியாலம் நீங்கள் பாத்தா கெயரர்ஸ் அலவன்ஸுக்குப் போடுங்கோ. உங்கட பென்ஷன் 83.30க்கு மேல எண்டபடியா, "உரித்து இருக்கு, ஆனாக் காசு தரமாட்டம்" எண்டு கடிதம் வரும். அதை எறிஞ்சு போடாதேங்கோ! அந்தக் கடிதத்தைக் காட்டினா உங்கட பென்ஷன் கிரெடிட்டில கிழமைக்கு 46.40 கூடும். காசு கைக்கு வராத உரித்து எண்டபடியா அம்மாட 82.90க்கு ஒண்டும் நடக்காது. ஆனா மணித்தியாலம் உண்மையா இருக்கவேணும்.

மச்சாள்: எங்கட வீட்டில? பிள்ளைக்கு டிஎல்ஏ (இயலாத பிள்ளையளுக்குத் தாற காசு) கெயர் நடு ரேட். இவருக்கு வேலை செய்ய ஏலாதெண்டு யூனிவர்சல் கிரெடிட்டில 423.27 எலிமென்ட் வருது.

அண்ணா: நீங்கள் கெயரர் எலிமென்டை யோசிக்காமல் எடுங்கோ. பிள்ளையின்ர காசில வெட்டுப்படுறதுக்கு அப்பிடி ஒரு வரியே இல்லை. ஆனா உங்கட பேரில போடுங்கோ, இவற்றை பேரில வேண்டாம். ஒரே ஆளுக்கு ரெண்டு எலிமென்டும் தராயினம். ஜேர்னலில இந்த மாசக் கணக்கு முடியமுதல் போடுங்கோ, பிந்தினா அந்த மாசம் போன மாதிரித்தான்.

மச்சாள்: நான் 17 மணித்தியாலம் வேலை செய்யிறன், அது பிரச்சினையோ?

அண்ணா: எலிமென்டுக்குச் சம்பள வரம்பில்லை. அலவன்ஸுக்குத்தான் கிழமைக்கு 196. மணிக்கு 12.21 படி 16 மணித்தியாலம் 195.36, தப்பும். 17 எண்டா 207.57. வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் முழுக்க, பென்ஷனுக்குக் கட்டுறதில பாதியும் கழிச்சும் 196க்கு மேல நிண்டா 83.30 முழுக்கப் போகும், கொஞ்சமா வெட்டமாட்டினம். அதைத் தெரியாமல் மாசக்கணக்கா எடுத்தவை ஆயிரக்கணக்கில திருப்பிக் கட்டியிருக்கினம். நீங்கள் எலிமென்ட் மட்டும் எடுங்கோ.

நான்: அப்ப எனக்கு ஒண்டுமே இல்லையோ? வேலை தேடு எண்டு ஜொப் சென்டர் நெருக்குது.

அண்ணா: அது நியாயமான கேள்வி. எலிமென்ட் எடுத்தா வேலை தேடச் சொல்லமாட்டினம், பெனிபிட் காப் (மொத்தக் காசுக்கு வச்சிருக்கிற உச்ச வரம்பு) உனக்குப் படாது. இப்ப அந்த வரம்பால உனக்கு வெட்டு விழுதெண்டா லாபம் 201ஐ விடக் கூட வரும், கணக்கே தலைகீழா மாறும். உன்ர கடைசி ஸ்டேட்மென்டில "பெனிபிட் காப்" எண்டு கழிச்சிருக்கோ?

நான்: பாக்கிறன்... இல்லை, அப்பிடி ஒரு வரி இல்லை.

அண்ணா: அப்ப ஜேர்னலில இப்ப கை வைக்காத. நாளைக்குக் காலமை இலவசமா ஆலோசனை சொல்லுற சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கு ஃபோன் அடி. அம்மாட கடிதம், உன்ர ஸ்டேட்மென்ட் ரெண்டையும் பக்கத்தில வச்சுக்கொண்டு கதை. வேலை தேடுற நிபந்தனையையும் கேள்.