கஜா நிதி: துணி வேண்டாம், கூலியாகக் கொடுப்போம்

அண்ணன்மார், மாமன் மச்சான்மார், அக்கா தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கம்தான். ஆனால் பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டுவிட்டது. ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பழைய துணி சேர்த்து அனுப்பலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு குவியல் நனைந்து கிடக்கிறது. அதில் கம்பளிக் கோட்டுகூட இருக்கிறது. என்னதான் மார்கழி என்றாலும் நம் ஊரில் அதை யார் போடுவது?

விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. காய்த்துக்கொண்டிருந்த மரத்துக்கு இது ஒரு விலையா என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் தோப்புக்காரருக்கு அதாவது கிடைக்கும். மரமேறுகிறவர், கடப்பாரையில் தேங்காய் உரிக்கிறவர், லாரியில் காய் ஏற்றுகிறவர் ஆகியோருக்குப் பட்டா ஏது, தென்னை நிவாரணம் ஏது? இன்று நடும் நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருடமாகும். அதுவரை அவர்கள் எதை உரிப்பார்கள்?

ஆகவே, சேரும் பணத்தைக் கூலியாகக் கொடுப்போம். விழுந்த மரங்கள் மக்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். தப்பித்த மரங்களின் குருத்தையும் புதுக் கன்றுகளையும் குடைந்துவிடும். மரம் அறுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, ஆள் வைக்க வசதியில்லாத சிறு தோப்புகளை முதலில் சுத்தம் செய்யலாம். குளத்தங்கரையில் இரண்டு பெண்கள் மட்டையை ஊறப்போட்டுக் கீற்று முடைந்துகொண்டிருந்தார்கள், சொந்த வீட்டுக்கு. அதையே கூலிக்கு முடையச் சொன்னால் கூரை பறந்த மற்ற வீடுகளையும் வேய்ந்துவிடலாம். மட்டைக்குப் பஞ்சமில்லை, அதை மட்டும் கஜா தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

பணம் அனுப்புவதில் ஒரு எச்சரிக்கை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாகச் சங்கக் கணக்குக்கு அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், நம் சங்கத்துக்கு அது இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்: வாராவாரம் கூலிக் கணக்கைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும்.

மாற்று யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். பொங்கல் முடிந்ததும் மரம் அறுக்கத் தொடங்க வேண்டும்.

அன்புடன்,
பொருளாளர், சிங்கப்பூர்