அப்டேட்: சைக்கிள் பின் டயர் காத்து இறங்குற பிரச்சனை தீந்துச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, சென்னை ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் தாண்டி பஞ்சர் ஆச்சு, புது டியூப் மாத்தியும் ராத்திரி நிறுத்துனா காலைல டயர் சப்பையா கிடக்குதுன்னு. காரணம் கிடைச்சுருச்சு.

நிறைய பேர் வால்வு லீக்குன்னீங்க, தண்ணில முக்கி பாத்தேன், வால்வுகிட்ட ஒரு குமிழி கூட வரல. அப்புறம் பழைய டியூப், புது டியூப் ரெண்டையும் பக்கத்துல வச்சு வால்வுலேந்து ஓட்டை எவ்ளோ தூரம்னு பாத்தா கிட்டத்தட்ட ஒரே இடம், அப்போ திருடன் டயருக்குள்ளதான் உக்காந்திருக்கான். விரல்ல தடவினா ஒண்ணும் தெரியல, பஞ்ச வச்சு உள்பக்கம் இழுத்தப்போ ஒரு இடத்துல நூல் சிக்குச்சு, டயர அங்க மடக்கிப் பாத்தா முடி கனத்துக்கு ஒரு கம்பி! லாரி டயர் வெடிச்சு ரோட்டோரம் துண்டு துண்டா கிடக்கும்ல, அதுக்குள்ள இருக்குற ஸ்டீல் கம்பி. பிளேடு முனையால நோண்டி பிளேயர்ல இழுத்துட்டேன்.

டியூப்ப எந்தப் பக்கமா கழட்டினோம்னு ஞாபகம் இல்லன்னா டயர்ல வால்வு இருந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் அதே தூரத்துல தேடுங்க.

பஞ்சர் கடை அண்ணன்தான் பாவம், என் சைக்கிள்ல இருக்குற பிரெஸ்டா வால்வ (சாதாரண வால்வ விட ஒல்லியா இருக்கும்) பாத்துட்டு "இதுக்கு எங்க தம்பி காத்தடிக்கிறது"ன்னாரு. அதுக்கு சின்னதா ஒரு பித்தளை அடாப்டர் இருக்கு, விலையும் கம்மி, சீட்டுக்கு அடில மாட்டுற பைல ஒண்ணு போட்டு வச்சுட்டா எந்தக் கடைலயும் காத்து அடிச்சுக்கலாம்.