ஸ்காட்டின் ‘ரோக்பி’: யார் எந்தப் பக்கம், போர் எங்கே?

நடுநிசி கேட்கிறார்:
வால்டர் ஸ்காட் 1813 ஜனவரியில் வெளியிட்ட ‘ரோக்பி’ என்ற கதைக்கவிதையை வாசிக்கிறேன். ஆறு காண்டம். 1644இல், இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னர் படையும் நாடாளுமன்றப் படையும் மோதிய மார்ஸ்டன் மூர் போர் முடிந்த கையோடு நடக்கிற கதை என்று முன்குறிப்பிலேயே இருக்கிறது. இரண்டாம் காண்டம் முடிவதற்குள் யார் மன்னர் கட்சி, யார் நாடாளுமன்றக் கட்சி என்பதே பிடிபடவில்லை. போரையும் காணோம். நான் எதையாவது தவறவிட்டேனா? வரிகளும் ஒரே தாளத்தில் ஓடுவதால் கண் தாண்டிப் போய்விடுகிறது. எப்படி வாசிக்கலாம்?

பழையபதிப்பு எழுதுகிறார்:
தவறவிடவில்லை. போரை ஸ்காட் மேடைக்குக் கொண்டுவருவதே இல்லை. முதல் காண்டத்தில், நள்ளிரவில், பார்னார்ட் கோட்டைக்குள் போர்வீரன் பெர்ட்ரம் வந்து, கோட்டையை வைத்திருக்கும் ஆஸ்வால்டிடம் சொல்வதுதான் போர். அந்தப் பேச்சை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். நாடாளுமன்றப் படை சிதறி ஓடியது என்றுதான் ஆரம்பிக்கிறான். அதன் கூட்டாளிகளான ஸ்காட்லாந்துக்காரர்கள் குதிரையை விரட்டிக்கொண்டு வடக்கே தப்பினார்களாம். ஆனால் ஸ்வேல் ஆற்றங்கரைக்கு வந்தபோது வேறு செய்தி காதில் விழுந்தது, நாடாளுமன்றத் தளபதி கிராம்வெல் நிலைமையை மாற்றிவிட்டார் என்கிறான். எது உண்மையோ, தனக்குக் கவலை இல்லை என்று முடிக்கிறான். இது வரலாற்றோடு ஒட்டியே இருக்கிறது. ஜூலை 2 மாலை நாடாளுமன்றப் படையின் வலது அணி உடைந்தது, தப்பியோடியவர்கள் தோல்விச் செய்தியைப் பரப்பினார்கள், இடது அணியிலிருந்த கிராம்வெல்லின் குதிரைப்படைதான் போரைத் திருப்பியது. பாதியில் களத்தை விட்டுப் போன ஒருவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ, அவ்வளவுதான் நமக்கும் தெரிகிறது.

கட்சிகளைப் பொறுத்தவரை, ஆஸ்வால்ட், அவன் மகன் வில்ஃப்ரிட், மார்த்தம், பெர்ட்ரம் எல்லாரும் நாடாளுமன்றப் பக்கம். ரோக்பி பிரபு, மகள் மட்டில்டா, அவர் வீட்டில் வளர்ந்த அயர்லாந்து இளைஞன் ரெட்மண்ட் மூவரும் மன்னர் பக்கம். குழப்பம் வரக் காரணம், கொலை முயற்சி ஒரே பக்கத்துக்குள் நடப்பதுதான். பெர்ட்ரம் சுட்டது தன் தலைவன் மார்த்தமை. சுடச் சொன்னவன் மார்த்தமின் உறவினன் ஆஸ்வால்ட். ஆஸ்வால்டுக்கு நிலம் வேண்டும். பெர்ட்ரமுக்கு, ஸ்பானியர் கடல்களில் கொள்ளையடித்து மார்த்தம் சேர்த்த பொன் வேண்டும். போர் அவர்களுக்குத் திரை. அதனால் யார் எந்தக் கொடியின் கீழ் என்பதைக் காட்டிலும், புதையல் யாரிடம், அதை யார் தேடுகிறார்கள் என்று பின்தொடருங்கள். இரண்டாம் காண்டம் அப்போது தெளிவாகிவிடும்: விடியற்காலையில் பெர்ட்ரம் வில்ஃப்ரிட்டைக் கூட்டிக்கொண்டு மார்த்தம் கோபுரத்துக்குப் போவது அந்தப் பொன்னைத் தேடித்தான்.

கால அளவையும் ஸ்காட்டே முன்குறிப்பில் தருகிறார். மொத்தம் 5 நாள். அதில் 3 நாள் ஐந்தாம் காண்டத்துக்கும் ஆறாம் காண்டத்துக்கும் நடுவில் சொல்லாமலே கழிகிறது. முதல் ஐந்து காண்டங்களை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அங்கே நிறுத்துங்கள். இடைவெளியைக் கவனிக்காமல் ஓடினால் ஐந்தாம் காண்டத்தில் ரோக்பி மாளிகை எரிந்த இரவுக்கும் ஆறாம் காண்டத்து மடாலயக் காட்சிக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

யாப்புப்பித்தன் எழுதுகிறார்:
தாளம் பற்றி. பெரும்பாலும் எட்டு அசை, நான்கு அழுத்தம், ஈரடிக்கு ஓர் இயைபு. மௌனமாகப் படித்தால் எல்லா வரியும் ஒரே எடையில் விழும், கண் வழுக்கும். வாய்விட்டுப் படியுங்கள். ஆனால் இயைபுச் சொல்லில் நிற்காதீர்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஸ்காட் வாக்கியத்தைப் பல வரிக்கு நீட்டுவார். இரண்டு வரிக்கொரு தரம் மூச்சு விட்டால் வினைச்சொல் வருவதற்குள் எழுவாய் மறந்துபோகும். நிறுத்தற்குறியில் மட்டும் நில்லுங்கள். ஒரு அமர்வுக்கு அரைக் காண்டம் போதும்.

பாட்டுகளைத் தாண்டாதீர்கள். மூன்றாம் காண்டத்தில் குகைக்குள் எட்மண்ட் பாடும் பிரிக்னால் பாட்டு கட்டாயம். ஒரு பெண் காட்டு வாழ்க்கையை ஆசையாகப் பாட, அவளை அழைப்பவன் தன் தொழிலைச் சொல்லாமல் இழுத்துக்கொண்டே போகிறான். அவள் ஊகிக்கிற ஒவ்வொன்றும் கௌரவமான வேலை. பாடுகிறவன் கொள்ளைக் கூட்டத்துப் பையன், கேட்கிறவர்கள் கொள்ளையர். ஐந்தாம் காண்டத்தில் இதே எட்மண்ட் ஊர்சுற்றும் பாடகனாக ரோக்பி மாளிகைக் கதவைத் தட்டும்போது என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும், மட்டில்டாவுக்குத் தெரியாது. பாட்டைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பதைப்பு கிடைக்காது.

நடுநிசி:
இரண்டு பேருக்கும் நன்றி. இடங்கள் எல்லாம் உண்மையா, கற்பனையா?

டீஸ்கரை எழுதுகிறார்:
இடங்கள் உண்மை. ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே, டீஸ் ஆற்றின் வடகரையில் பார்னார்ட் கோட்டை. ஆற்றோடு இறங்கினால் தென்கரையில் எக்ளிஸ்டன் மடாலயம். இன்னும் கீழே கிரேட்டா ஆறு வந்து டீஸில் கலக்கிறது. அந்தக் கூடலின் ஒரு பக்கம் ரோக்பி, கிரேட்டாவுக்கு மறுகரையில் மார்த்தம் கோபுரம். கிரேட்டாவில் எதிர்த்து ஏறினால் பிரிக்னால் பள்ளத்தாக்கு, அங்கே கொள்ளையர் குகை.

ரோக்பிக்குச் சொந்தக்காரரான மாரிட் ஸ்காட்டின் நண்பர். நூலே அவருக்குத்தான் சமர்ப்பணம். 1812 இலையுதிர்காலத்தில் ஸ்காட் அங்கே தங்கியபோது, குகைக்கு நினைத்திருந்த பாறையருகே முளைத்த காட்டுப் பூக்களையும் பூண்டுகளையும்கூட ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார் என்று மாரிட் பதிவுசெய்திருக்கிறார். இயற்கையில் இரண்டு இடம் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால் பார்த்ததை எழுதுகிறவனுக்குச் சரக்கு தீராது என்பது ஸ்காட்டின் கணக்கு. இரண்டாம் காண்டத்தின் கிரேட்டா வர்ணனையில் அந்த உழைப்பு தெரிகிறது. கதையைவிட எனக்கு அதுதான் பெரிது.

மடாலயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆறாம் காண்டத்தில் அந்தத் தேவாலயம் உள்நாட்டுப் போரின் வெறியில் சீரழிந்ததாக வருகிறது. உண்மையில் எட்டாம் ஹென்றி காலத்திலேயே, 1540இல், மடம் கலைக்கப்பட்டுவிட்டது. போருக்கு நூறு ஆண்டு முன்பே துறவிகள் போய்விட்டார்கள். வரலாற்றுச் சான்றாக அந்த வர்ணனையை எடுக்காதீர்கள். பெர்ட்ரம் குதிரையோடு உள்ளே பாய்ந்து ஆஸ்வால்டைச் சுடுவதற்கு ஒரு பாழ்பட்ட கூடம் தேவைப்பட்டது, ஸ்காட் பக்கத்திலிருந்ததை எடுத்துக்கொண்டார்.