டேனிஷ் கேம்பிட்டில் ராணி போனபிறகு என்ன ஆடுவது?

தொண்ணூறடி_சிப்பாய்:
தாராவி 90 அடி ரோட்டில் எங்கள் தெருமுனை அரிசிக்கடை அண்ணாச்சியோடு ஞாயிறு ராத்திரி மூன்று ஆட்டம் ஆடுவது நாலு வருஷப் பழக்கம். ஷட்டரைப் பாதி இறக்கி, பொன்னி மூட்டை மேல் போர்டை வைப்போம். அறுபத்தெட்டு வயசு அவருக்கு. ஓசியில் கிடைக்கிற சிப்பாயை ஒருநாளும் விட்டதில்லை.

எனக்கு வெள்ளை வந்தால் டேனிஷ் கேம்பிட்தான், அதாவது தொடக்கத்திலேயே சிப்பாய்களைக் கொடுத்துத் தாக்குதல் தேடுவது. நான் இ4, அவர் இ5, நான் டி4. வெட்டுவார். சி3. அதையும் வெட்டுவார். பிஷப் சி4 வைத்தால் பி2-வையும் வெட்டுவார், நான் பிஷப்பால் எடுப்பேன். இரண்டு சிப்பாய் குறைவுதான், ஆனால் என் இரண்டு பிஷப்பும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அவர் ராஜா பக்கத்தைப் பார்க்கும். அந்த நிலை வரும்போது மனசு நிறைந்துவிடும். அதற்காகவே இதை ஆடுகிறேன்.

இரண்டு மாதமாக அண்ணாச்சி ஐந்தாவது நகர்த்தலில் டி5 தள்ளுகிறார். பிஷப்பால் எடுக்கிறேன், குதிரை எஃப்6. எஃப்7-ல் பிஷப் செக், ராஜா வெட்டுகிறார், நான் டி8-ல் ராணியை எடுக்கிறேன். உடனே பிஷப் பி4 செக்! அந்த பிஷப் விலகிய வழியே எச்8 யானை என் ராணியைப் பார்க்கிறது. டி2-க்கு வந்து ராணியைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. எண்ணிப் பார்த்தால் காய்கள் சமம். ஆனால் தாக்க ஒன்றும் மிச்சமில்லை. அவர் ஏ, பி, சி சிப்பாய் மூன்றையும் நிதானமாக நடத்திக்கொண்டு வருகிறார். அந்தப் பக்கம் எனக்கு ஒற்றை ஏ சிப்பாய். கடைசி ஏழு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. "ராணி இல்லாம எங்கல தம்பி போவ?" என்கிறார். டேனிஷை விட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

செம்பூர்_டீச்சர்:
தம்பி, குழந்தைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த டி5 எல்லாரும் ஒருநாள் சந்திக்கிற சுவர்தான். அந்தக் கடைசி ஆட்டத்தை வெறுக்காதீர்கள். ராணிப் பக்கம் அவருக்கு மூன்றுக்கு ஒன்று என்றால், ராஜா பக்கம் உங்களுக்கு இ, எஃப், ஜி, எச் என்று நாலு, அவருக்கு இரண்டே. அவர் யானையை இ8-க்குக் கொண்டுவந்து இ4-ஐக் குறிவைப்பார். எஃப்3 வைத்துக் காத்துக்கொள்ளுங்கள். குதிரை இ2, ராஜா எஃப்2, ஒரு யானை சி1-க்குப் போய் சி7-ஐப் பார்க்கட்டும். அதற்குப் பிறகுதான் எஃப்4, இ5. அவர் சிப்பாய்கள் நடக்கிற மாதிரி உங்களுடையதும் நடக்கும். நீங்கள் நடத்துவதே இல்லை என்று நினைக்கிறேன்.

ராணி போர்டில் இருந்தே ஆக வேண்டுமென்றால், ஆறாவது நகர்த்தலில் பிஷப்புக்குப் பதில் இ சிப்பாயால் டி5-ஐ எடுங்கள். ஒரு சிப்பாய்தான் குறையும். உங்கள் சிப்பாயே சி4 பிஷப்பை மறைக்கும் என்பது இதில் உள்ள சங்கடம். இன்னொன்று: நாலாவது நகர்த்தலில் பிஷப் சி4 வேண்டாம், சி3-ஐக் குதிரையால் எடுத்துவிடுங்கள். அவருக்கு ஒரு சிப்பாயோடு சரி.

ரிகா95:
அண்ணாச்சி எதைக் கொடுத்தாலும் வாங்குகிறவர் என்றால் எவான்ஸ் கேம்பிட் ஆடுங்கள் அண்ணா. இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 பிஷப் சி5, அப்புறம் பி4. பிஷப் வெட்டினால் சி3, அவர் பிஷப் நகர்ந்தே ஆக வேண்டும், நீங்கள் டி4 தள்ளி நடுவைப் பிடிக்கலாம். 1820-களில் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் எவான்ஸ் கண்டுபிடித்தது. பழசு என்று ஒதுக்க வேண்டாம். 1995-ல் ரிகாவில் நம்ம ஆனந்தையே காஸ்பரோவ் இதை வைத்து 25 நகர்த்தலில் ஜெயித்தார். அந்த ஆட்டத்தை எத்தனை தடவை போர்டில் வைத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. ஆனந்த் தோற்றது இன்னும் வலிக்கிறது, ஆட்டம் அவ்வளவு அழகு. அண்ணாச்சி மூன்றாவதில் பிஷப்புக்குப் பதில் குதிரை எஃப்6 வைத்தால் மட்டும் எவான்ஸ் கிடையாது.

மாடுங்கா_மாமா:
கேம்பிட்டே வேண்டாம். அதே பிஷப் சி4 வைத்து, பி4-க்குப் பதில் டி3 வைக்கிற மெதுவான இத்தாலியன் தொடக்கம் ஆடுங்கோ. நிதானமா ஆடறவரை நிதானத்தாலதான் ஜெயிக்கணும்.

தொண்ணூறடி_சிப்பாய்:
மாமா, மன்னிக்கணும், டி3 எனக்கு ஒத்துவராது. டீச்சர் சொன்ன எஃப்3, ராஜா எஃப்2 வைத்து முதல் ஆட்டம் டிரா. இரண்டு மாதத்தில் அந்த நிலையில் தோற்காமல் எழுந்தது மூன்றாவது தடவை.

இரண்டாவதில் எவான்ஸ். பி4-ஐ எடுத்தார். சி3, பிஷப் ஏ5. டி4-ஐ எடுத்தார், நான் காஸில் செய்து ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்தினேன், சி3-யையும் எடுத்தார். மூன்று சிப்பாய் குறைவு, கை நடுங்கியது. ராணி பி3, அவர் ராணி எஃப்6. இ5 தள்ளினேன். அதையும் குதிரையால் எடுத்தார்! யானை இ1. குதிரை ராஜாவுக்கு முன்னால் அசையமுடியாமல் நின்றது. டி6 வைத்து அதற்கு முட்டுக் கொடுத்தார். ராணி பி5 செக், ஏ5-ல் தனியாக நின்ற பிஷப் கிடைத்தது. ஆட்டமும் கிடைத்தது.

மூன்றாவது ஆட்டம் நடக்கவில்லை. காய்களைத் திரும்ப அடுக்கச் சொல்லி, அந்த யானை இ1 நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்டைக் கலைக்க விடவில்லை. மூட்டை மேலேயே விட்டுவிட்டு ஷட்டரை இறக்கினார்.